காற்றைப் பிழிந்தால் தண்ணீர்!

வெயிலில் வந்த விருந்தாளிக்கு ஒரு டம்ளர் ஐஸ் மோர் கொடுக்கிறார்கள். அவர் பேசிக்கொண்டே இருக்கிறார். மோர் அப்படியே இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிறது. முத்து முத்தாகத் தண்ணீர் திரண்டு கீழே வழிகிறது. மேஜையில் வட்டமாக ஈரம் படிகிறது.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? டம்ளருக்குள் இருந்து அல்ல. எவர்சில்வரில் ஓட்டை கிடையாது. அது காற்றில் இருந்த தண்ணீர்! கண்ணுக்குத் தெரியாத ஆவியாக அறை முழுவதும் பரவியிருந்தது. டம்ளரின் குளிர்ச்சி பட்டதும் மறுபடியும் தண்ணீராகிவிட்டது.

இந்தச் சின்ன விஷயத்தை வைத்துத்தான் இப்போது பெரிய யந்திரங்கள் செய்கிறார்கள். காற்றை இழுத்து, குளிர வைத்து, அதிலிருந்து குடிதண்ணீர் எடுக்கும் யந்திரங்கள். "கிணறு வேண்டாம், குழாய் வேண்டாம், லாரி வேண்டாம். சுவிட்சைப் போட்டால் தண்ணீர்" என்ற பேச்சு கோவைப் பக்கமும் வந்துவிட்டது.

கொங்கு நாட்டில் அந்தப் பேச்சு காதில் தேனாகத்தான் விழும். ஆயிரம் அடி போர் போட்டும் புகை மட்டுமே வந்த தோட்டங்கள் இங்கே உண்டு. நல்ல தண்ணீர் ஒரு குழாய், உப்புத் தண்ணீர் ஒரு குழாய் என்று இரண்டாகப் பிரித்து வாழப் பழகியவர்கள் இங்குள்ள பெண்கள். நல்ல தண்ணீர் பல நாளுக்கு ஒரு முறைதான் வரும். வருகிற அன்று வேறு வேலை ஓடாது. குடம், அண்டா, டிரம் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுத்தான் மற்றது.

அப்படிப்பட்ட வீட்டுக்கு இந்த யந்திரம் உதவுமா?

எப்படி வேலை செய்கிறது?

முதலில், காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறை. வெப்பம் 30 டிகிரி. காற்றில் ஈரம் நூற்றுக்கு 60 பங்கு. அந்த அறைக் காற்று முழுவதிலும் இருக்கிற தண்ணீர் அரை லிட்டர்தான். அந்தக் காற்றை 10 டிகிரிக்குக் குளிர வைத்தால் அதில் பாதி கையில் கிடைக்கும். மீதிப் பாதி காற்றோடு போய்விடும். ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டுமென்றால் நான்கு அறைக் காற்றை யந்திரம் விழுங்க வேண்டும்.

ஏ.சி. பொருத்திய வீட்டில் இதை யாரும் பார்க்கலாம். ஏ.சி.யின் பின்னால் ஒரு சிறு குழாயில் தண்ணீர் சொட்டும். சிலர் அதன் கீழே வாளி வைத்துப் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறார்கள். காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் யந்திரமும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் ஏ.சி. தண்ணீரைக் குடிக்கக் கூடாது. தூசியும் பூசணமும் கிருமியும் அதில் இருக்கும். குடிதண்ணீர் யந்திரத்தில் காற்றை முதலில் வடிகட்டுகிறார்கள். வந்த தண்ணீரை மறுபடியும் வடிகட்டி, கிருமியைக் கொல்லும் புற ஊதா ஒளியில் காட்டி, கொஞ்சம் தாது உப்பும் சேர்க்கிறார்கள். மழைத் தண்ணீரைப் போல இதிலும் தாது உப்புக் கிடையாது. அதனால் அப்படியே குடித்தால் நாக்குக்குச் சப்பென்று இருக்கும்.

கோவைக்கு இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நூற்பாலைகளில் காற்று காய்ந்துபோனால் நூல் பட் பட்டென்று அறுந்துவிடும். அதற்காகவே ஆலைக்குள் தண்ணீரைப் பொடியாகத் தூவிக் காற்றை ஈரமாக்குகிறார்கள். காற்றுக்குள் தண்ணீரை ஏற்றும் வித்தை இந்த ஊருக்குப் பழைய பாடம். இப்போது வந்திருப்பது அந்தத் தண்ணீரைத் திரும்ப இறக்கும் வித்தை.

யார் யார் செய்கிறார்கள்?

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தி. பிரதீப் தண்ணீர் ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்றவர். அவருடன் ஆராய்ச்சி செய்த இளைஞர்கள் சேர்ந்து "வாயுஜல்" என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஐதராபாத்தில் "மைத்ரி அக்வாடெக்" என்ற நிறுவனம் "மேகதூத்" என்ற பெயரில் யந்திரம் செய்கிறது. 2019 டிசம்பரில் செகந்திராபாத் ரயில் நிலையத்தில் அதை வைத்தார்கள். நாளுக்கு 1,000 லிட்டர் தரும் யந்திரம் அது. பயணிகள் பணம் கொடுத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியைத் திறந்தால் உப்பு கசிந்திருக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடுகிறது. பெங்களூரில் "உரவு" என்ற நிறுவனம் இந்த வழியில் போகிறது. உப்புக் கரைசல் ஈரத்தைக் குடிக்கிறது. பிறகு அதைச் சூடாக்கித் தண்ணீரைப் பிரிக்கிறார்கள்.

இதே வழியில் உலகப் புகழ் பெற்றவர் ஒமர் யாகி. ஜோர்டான் நாட்டில் அம்மான் நகரில், பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். குழாயில் எப்போதோ ஒரு நாள் சில மணி நேரம்தான் தண்ணீர் வரும். சிறுவன் யாகி விடியும் முன் எழுந்து தண்ணீர் பிடித்து வைப்பான். பிற்காலத்தில் அமெரிக்காவில் பேராசிரியரானார். உலோகத்தையும் கரிமப் பொருளையும் இணைத்து, தேன் கூடு போல உள்ளே கோடிக்கணக்கான துளைகள் கொண்ட ஒரு பொடியை உருவாக்கினார். ஒரு கிராம் பொடியின் உள்பரப்பை விரித்தால் ஒரு கால்பந்து மைதானம் அளவு வரும் என்கிறார்கள்! இரவில் அது ஈரத்தைக் குடிக்கும். பகல் வெயிலில் கக்கும். 2025-ல் ஜப்பானின் சுசுமு கிடாகவா, ஆஸ்திரேலியாவின் ரிச்சர்டு ராப்சன் ஆகியோருடன் யாகிக்கு ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பரிசு பெரியதுதான். தண்ணீர் எவ்வளவு? 2018-ல் வெளியான அரிசோனா பாலைவனச் சோதனையில், மின்சாரமே இல்லாமல், வெயிலை மட்டும் வைத்து, ஒரு கிலோ பொடியிலிருந்து ஒரு நாளில் கிடைத்தது சுமார் 200 மில்லி. ஒரு பெரிய காபி டம்ளர் அளவு. பாலைவனத்தில் அதுவே அதிசயம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு அது போதாது.

மின்சாரம் எவ்வளவு?

குளிர வைக்கும் யந்திரத்துக்கு வருவோம். இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. விற்கிறவர்கள் இதை மெதுவாகத்தான் சொல்வார்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்துச் சொட்டுக்கூட இல்லாமல் வற்ற வைக்க எவ்வளவு நேரம் அடுப்பு எரிய வேண்டும் என்று சமைக்கிறவர்களுக்குத் தெரியும். ஆவியாகும்போது தண்ணீர் அவ்வளவு சூட்டை உள்வாங்குகிறது. அந்த ஆவியைத் திரும்பத் தண்ணீராக்க வேண்டுமானால், உள்ளே போன அவ்வளவு சூட்டையும் யந்திரம் வெளியே எடுத்துக் கொட்ட வேண்டும். அதனால்தான் மின்சாரம் செலவாகிறது. நல்ல ஈரக் காற்றிலேயே ஒரு லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு யூனிட் முதல் அரை யூனிட் வரை ஆகும். காய்ந்த காற்றில் இன்னும் கூடும்.

அதே ஒரு யூனிட் மின்சாரத்தில், ஆயிரம் அடி ஆழத்திலிருந்து ஒரு நல்ல மோட்டார் ஏறக்குறைய 400 லிட்டர் தண்ணீரை மேலே கொண்டுவரும். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கச் சென்னையை அடுத்த மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் ஆலைகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஆலைகளில் ஒரு யூனிட்டில் 250 லிட்டருக்கு மேல் கிடைக்கும். காற்று யந்திரத்தில்? இரண்டு அல்லது மூன்று லிட்டர்!

வீட்டுக் கணக்காகவே பார்க்கலாம். ஐந்து பேர் உள்ள குடும்பம். குடிக்க, சமைக்க மட்டும் நாளுக்கு 20 லிட்டர். லிட்டருக்கு 0.4 யூனிட் என்று வைத்தால் நாளுக்கு 8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை 2016-லிருந்து இருக்கிறது. அந்த 100 யூனிட் 12 நாளில் காலி! பாத்திரம் கழுவ, குளிக்க, துணி துவைக்க என்று சேர்த்தால் சொல்லவே வேண்டாம். பெரிய நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று அரசாங்கம் அளவு வைத்திருக்கிறது. அதையும் காற்றிலிருந்தே எடுப்பதென்றால் அந்த வீட்டுக்கு நாளுக்கு 270 யூனிட் வேண்டும். ஒரு சிறு பட்டறைக்கு ஆகிற மின்சாரம் அது.

ஆகவே இது குடத்துக்குத் தண்ணீர் தரும் யந்திரம் அல்ல. டம்ளருக்குத் தண்ணீர் தரும் யந்திரம்.

பங்குனி மாதம் என்ன ஆகும்?

கொங்கு நாட்டுக்கென்று ஒரு தனிச் சங்கடமும் இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடியில் அரபிக் கடலின் ஈரக் காற்று அந்த வாசல் வழியாக நுழைகிறது. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் சுழலோ சுழல் என்று சுழல்கின்றன. காற்றில் ஈரமும் இருக்கிறது, மின்சாரமும் கிடைக்கிறது. யந்திரத்துக்கு அதுதான் பொற்காலம்.

ஆனால் தண்ணீருக்கு அலைவது ஆடியிலா? பங்குனி, சித்திரையில்! அப்போது பிற்பகலில் வெப்பம் 36 டிகிரி. ஈரம் நூற்றுக்கு 30 பங்குக்கு இறங்கிவிடும். அந்தக் காற்றிலும் தண்ணீர் இல்லாமல் இல்லை. ஆனால் பிடி கொடுக்காது. நான்கு அறைக் காற்றில் கிடைத்த ஒரு லிட்டருக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு அறைக் காற்று வேண்டும். யந்திரத்தை விடியற்காலையில் ஓட்டினால் கொஞ்சம் தேவலை.

தாகம் அதிகமாக இருக்கும்போது தண்ணீர் குறைவாகத் தருகிற யந்திரம் இது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை.

மலை என்ற யந்திரம்

காற்றிலிருந்து தண்ணீர் பிழிகிற வேலையைக் கொங்கு நாட்டுக்குச் செய்துவரும் ஒரு பழைய யந்திரம் உண்டு. அதற்குச் சுவிட்ச் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலைதான் அது.

கடல் காற்று மலையில் முட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்ததும் மழையாகக் கொட்டுகிறது. மோர் டம்ளரில் நடப்பதேதான். அளவு மட்டும் பெரியது. வால்பாறைக்குப் பக்கத்தில் உள்ள சின்னக்கல்லாறு, தமிழ்நாட்டிலேயே அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அதே மாவட்டத்தில், மலைக்கு இந்தப் பக்கம் உள்ள கோவை நகரத்துக்கு ஆண்டுக்குக் கிடைப்பது 600, 700 மில்லிமீட்டர்தான். மலை பிழிந்து முடித்த காற்றுதான் ஊருக்குள் வருகிறது.

பிழிந்த தண்ணீரை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர்களில் சே. ப. நரசிம்மலு நாயுடு ஒருவர். 19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே அவர் இதைச் சொன்னார். காரியம் நடக்க நாற்பது ஆண்டு ஆயிற்று. சி. எஸ். இரத்தினசபாபதி முதலியார் நகரசபையில் முன்நின்று பாடுபட்டார். 1929-ல் சிறுவாணித் தண்ணீர் கோவைக்கு வந்தது. ஆர். எஸ். புரம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. பின்னர் 1973-ல் கேரள அரசுடன் ஒப்பந்தம் செய்து, 1984-ல் புதிய அணை கட்டி முடித்தார்கள். உலகிலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் சிறுவாணி என்று கோவைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். முதலாவது எது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு ஊர் சொல்வார்கள்!

அந்தத் தண்ணீர் பெரும்பாலும் சரிவிலேயே இறங்கி வருகிறது. மின்சாரச் செலவு மிகக் குறைவு. ஆனால் மழை பொய்த்தால் மலையும் கைவிடும். 2016-ல் பருவமழை தவறியது. 2017 கோடையில் சிறுவாணி அணையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது.

மலைக் காட்டில் இன்னொரு அதிசயமும் நடக்கிறது. மழை இல்லாத நாளிலும் மூடுபனி வந்து மரத்தில் மோதுகிறது. இலையில் நீராகத் திரண்டு சொட்டுகிறது. ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் ஹியரோ என்ற தீவில் ஒரே ஒரு மரம் இப்படிச் சொட்டிய தண்ணீரைத் தொட்டியில் பிடித்து ஜனங்கள் குடித்தார்கள். 1610-ல் புயலில் அது சாய்ந்துவிட்டது. தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் சுங்குங்கோ என்ற மீனவர் கிராமத்தார் மலை மேல் பெரிய வலைகளைக் கட்டி மூடுபனியைப் பிடித்தார்கள். நாளுக்குச் சராசரியாக 15,000 லிட்டர் வந்தது. மின்சாரமே கிடையாது! ஏறக்குறைய பத்து ஆண்டு ஓடியது. பிறகு வலை கிழிந்தது. தைக்க ஆளில்லை. கிராமம் மறுபடியும் லாரித் தண்ணீருக்கே திரும்பியது.

மழைத் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் வேலையும் இங்கே நடக்காமல் இல்லை. அறுபது ஆண்டுக்கு மேல் விவசாயிகள் கேட்டுக்கொண்டிருந்த அத்திக்கடவு - அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்றில் மிஞ்சிப் போகும் தண்ணீரை எடுத்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளில் நிரப்பும் திட்டம் அது. செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல். குளம் நிறைந்தால் பக்கத்துக் கிணறு ஊறும். போர் மேலே வரும். காற்று யந்திரம் வாங்கிவிட்டோம் என்று எந்த ஊராட்சியாவது குளத்துக் கரையைக் கவனிக்காமல் விட்டால், அதைப் போல நஷ்டம் வேறு இல்லை.

அப்படியானால் யந்திரம் வேண்டாமா?

வேண்டும். சில இடங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டியது பாசனத்துக்காக. திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு வந்து அதில் தேங்கியது. சுற்றியுள்ள கிணறுகள் உப்பாகிவிட்டன. சாயத் தண்ணீரைத் திறந்துவிடாதே என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு வழக்கு போனது. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் கிணற்றில் தண்ணீர் இல்லை என்று யாரும் அழவில்லை. தண்ணீர் இருந்தது. வாயில் வைக்க முடியவில்லை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் வேறு கஷ்டம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருக்கிறது. அதைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் பல் கறை படிகிறது. அளவு மிஞ்சினால் எலும்பும் வளைகிறது. ஆர்.ஓ. வடிகட்டி அதை நீக்கும். ஆனால் வீட்டு ஆர்.ஓ.வில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் கழிவாகப் போகும். தண்ணீரே இல்லாத ஊரில் அது கட்டுபடியாகாது. கழிவில் உள்ள ஃபுளோரைடும் மறுபடியும் மண்ணுக்குத்தான் போகும்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு பள்ளிக்கூடம். 200 பிள்ளைகள். ஆளுக்கு ஒரு லிட்டர் என்றால் 200 லிட்டர். 80 யூனிட் மின்சாரம். கூரையில் 20 கிலோவாட் சூரியத் தகடு போட்டால் நல்ல வெயில் நாளில் அவ்வளவு கிடைத்துவிடும். வெயில் நேரத்தில் வரும் மின்சாரத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்துவிட்டு, ஈரம் கூடும் விடியற்காலையில் யந்திரத்தை ஓட்டலாம். செலவு இல்லாமல் இல்லை. ஆனால் குழந்தையின் எலும்பு வளைந்த பிறகு செய்கிற வைத்தியச் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி, ரயில் நிலையம், வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஊர் என்று இன்னும் சில இடங்களுக்கும் இது பொருந்தும். கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்து சேர்ந்த ஊரில் இதற்கு வேலை இல்லை.

வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

இந்த யந்திரம் நாளுக்கு 100 லிட்டர் தரும், 500 லிட்டர் தரும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். அது பெரும்பாலும் 30 டிகிரி வெப்பத்தில், நூற்றுக்கு 80 பங்கு ஈரத்தில் சோதித்த கணக்கு. கடற்கரைக் காற்றின் கணக்கு! கோவையில் அந்த ஈரம் மழைக்காலத்திலும் விடியற்காலையிலும் வரும். பங்குனிப் பிற்பகலில் வராது.

ஆகவே யந்திரம் வாங்கப் போகிற ஊராட்சித் தலைவரோ, தலைமையாசிரியரோ விற்பனைக்காரரிடம் 36 டிகிரியில், 30 பங்கு ஈரத்தில் எத்தனை லிட்டர் வரும் என்று கேட்க வேண்டும். எழுத்தில் வாங்க வேண்டும். வடிகட்டியை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், அதன் விலை என்ன, பழுதானால் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்க வேண்டும். தொட்டியைக் கழுவாமல் விட்டால் காற்றுத் தண்ணீரிலும் பாசி பிடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

யந்திரத்துக்கென்று தனியாக ஒரு மின் மீட்டர் பொருத்திவிட வேண்டும். மாதக் கடைசியில் மீட்டரில் எத்தனை யூனிட், தொட்டியில் எத்தனை லிட்டர் என்று பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதிப் போட்டால், வகுத்துப் பார்க்கும் வேலையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள்.